படம் கொடுக்காத அன்ரி

படம் கேட்டு வருகிறவர்களுக்கு அன்ரி தேத்தண்ணி கொடுப்பார், பயற்றம் பணியாரம் கொடுப்பார், சாதகத்தின் பிரதியைக்கூடக் கொடுத்துவிடுவார். படம் மட்டும் கொடுக்கமாட்டார். கலியாணப் புரோக்கர் பொம்பிளையின் படத்தைக் கொடுக்கமாட்டேன் என்றால் அது என்ன தொழில்? மீன்காரர் கூடையைத் திறக்கமாட்டேன் என்று நிற்பதைப் போலத்தான். ஆனால் யுத்த காலத்துத் திருகோணமலையில் அவரைப் போலக் கிராக்கி உள்ள புரோக்கர் வேறு ஒருவர் இருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் குச்சவெளியிலிருந்தும் வெருகலிலிருந்தும் சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி அவரைத் தேடி வந்தார்கள். அவர் படம் கொடுக்கமாட்டார் என்பதற்காகவே வந்தார்கள்.

அவர் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. துறைமுகப் பக்கம் போகும் ஒழுங்கை, அது முடிகிற இடத்தில் கடற்படையின் முட்கம்பி. துறைமுகத்துக்குள் இயக்கத்தின் சுழியோடிகள் நீருக்கடியால் வந்துவிடக்கூடாதென்று நேவிக்காரர் தண்ணீருக்குள் குண்டு போட்டு வெடிக்கவைப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அன்ரி வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். அன்ரி ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். "மாப்பிள்ளைக்கும் செவ்வாய் ஏழில. அதால பயமில்லை."

எதைப் பற்றிக் கதைத்தாலும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "அது ஆருட வீட்டில இருக்கு?" காணி உறுதி பத்திரமாக லோயரிடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "அப்ப அது லோயரிட காணி" என்பார். இடம்பெயர்ந்தபோது தையல் மெசினைச் சிநேகிதி வீட்டில் விட்டுவந்தேன் என்று அம்மா ஒருநாள் சொல்லி மூக்கைச் சிந்தினார். அன்ரி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அவள் அதில இப்ப சட்டை தைப்பாள்" என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் அவருடைய தங்கச்சி. இரண்டு பேரும் கலியாணம் கட்டாமல் அந்த வீட்டில் இருந்தார்கள். தங்கச்சி வெளியே வருவதில்லை. குசினி யன்னலுக்குப் பின்னால் ஒரு தலை அசைவது தெரியும், அவ்வளவுதான். யுத்தத்தின் முதல் வருடங்களில் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி அன்ரி ஒரு படம் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அதைத் தங்கள் மச்சான் வீட்டுக்குக் கொடுத்தார்கள், அவர்கள் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். கடைசியில் அந்தப் படம் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில், இயக்கத்துக்குப் போன ஒரு பொடியனின் வீட்டுக் கூரைக்குள் அகப்பட்டது. பின்பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. தங்கச்சியை விசாரணைக்கென்று கூட்டிப்போய் ஒரு கிழமை வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவருக்கு ஒரு சம்பந்தமும் வரவில்லை. அவரும் யாரோடும் கதைக்கவில்லை. அன்ரி கொடுத்த கடைசிப் படம் அதுதான்.

இதையெல்லாம் அன்ரி எனக்குச் சொன்னது ஒரேயொரு முறை. சொல்லி முடிந்ததும், "கேட்டதை மறந்திடு பிள்ளை, தேங்காயைத் துருவு" என்றார்.

பாதைகள் பூட்டப்பட்ட காலத்தில் பொம்பிளை பார்க்க ஒருவரும் வர முடியாது. மாப்பிள்ளைமார் எல்லோரும் கனடாவிலும் நோர்வேயிலும். படத்தை அனுப்பு என்று அவர்கள் கேட்க, இவர் மாட்டேன் என்று நிற்க, தொழில் படுத்துவிடும்போல இருந்தது. அன்ரி முன்பு ஒரு கப்பல் ஏஜென்சியில் சுருக்கெழுத்து வேலை செய்தவர். கப்பல்கள் வருவது நின்று அந்தக் கம்பனியை மூடியபோது மற்றவர்கள் கதிரை மேசைகளை எடுத்துப்போனார்கள், அன்ரி ஒரு பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் செய்துவைத்த ஒரு கலியாணத்தின் மாப்பிள்ளை ஒஸ்லோவில் கொம்பியூட்டர் வேலை. அவனிடம் ரெலிபோனில் வழி கேட்டார்.

நான் அப்போது சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடையில் வேலை. ரெலிபோன் கோல், ஈமெயில், போட்டோ பிரதி எல்லாம் அங்கே. அவர்களுடைய முதல் பேச்சு எங்கள் கடை ரெலிபோன் ஸ்பீக்கரில் நடந்தது.

"அன்ரி, இலவசமாப் படம் போடுற இடங்கள் எத்தினையோ இருக்கு. ஏத்திவிட்டா எல்லாரும் பாக்கலாம்" என்றான் அவன்.

"அது ஆருட வீட்டில இருக்கும் தம்பி?"

"அமெரிக்காவில, அவையட கொம்பியூட்டரில."

"அப்ப அது அமெரிக்கன்ட படம். எனக்கு என்ர வீட்டில இருக்கவேணும். பாக்கிறவை என்ர வீட்டுக்கு வந்து பாத்திட்டுப் போகவேணும்."

அவன் சிரித்தான். அன்ரி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சொல்லச் சொல்ல இவர் சுருக்கெழுத்தில் எடுத்து, அந்தப் பழைய பெட்டியையே ஒரு சேர்வராக்கிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிறவர் தன் வீட்டிலிருந்தபடி அன்ரியின் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். படம் பெட்டியை விட்டு இறங்காது. அதாவது, இறங்காது என்று அன்ரி நம்பினார்.

"பாக்கிறவன் பிரதி எடுத்தா?" என்று நான் கேட்டேன்.

"எடுத்தா அது களவு. களவெடுத்தது அவன்ட பாவம். நான் குடுத்தனோ?"

ஒரே ஒரு கரைச்சல். ரெலிபோன் லைன் அறுந்து அறுந்து வரும், வரும்போதெல்லாம் அந்த இணைப்புக்கு வேறொரு எண். நேற்றைய எண்ணோடு இன்றைக்கு வருகிறவன் வேறு யாருடைய வாசலிலோ நிற்பான். அதற்கும் ஒஸ்லோ மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தான். வெளிநாட்டில் ஒரு சேவை ஒரு விலாசத்தை இலவசமாகக் கொடுக்கும். எண் மாறும்போதெல்லாம் பெட்டி தானாகவே அவர்களுக்கு அறிவிக்கும். வாடகை வீடு மாறுகிறவர் சந்திக் கடையில் 'நான் இப்ப இங்க இருக்கிறன்' என்று சொல்லிவைப்பதைப் போல. விலாசத்தின் முன்பாதி அன்ரி வைத்தது, எங்கள் ஒழுங்கையின் பெயர். பின்பாதி அந்தச் சேவைக்காரருடையது. இலவசம் என்பதால் ஒரு நிபந்தனை: முப்பது நாளுக்குள் ஒருமுறை அவர்களுடைய மின்னஞ்சலைத் திறந்து 'இன்னும் இருக்கிறேன்' என்று ஒரு தட்டுத் தட்டவேண்டும். தட்டாவிட்டால் விலாசம் போய்விடும்.

அன்ரி பஞ்சாங்கத்தைப் புரட்டி, பூரணைக்குப் பூரணை முப்பது நாளைத் தாண்டாது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு போயா தினமும் காலையில் முழுகிவிட்டு வந்து தட்டுவார். அதில் அவருக்குப் பெரிய பெருமை.

பெட்டி இருந்தது சாமி அறையில். சாதகங்கள் இருக்கிற இடம் அதுதானே என்பது அவர் நியாயம். பிள்ளையார் படத்துக்குக் கீழே பெட்டி, அதன்மேல் பின்னல் துணி, பக்கத்தில் குத்துவிளக்கு. கரண்ட் போனால் பற்றரி கீச்சுக் கீச்சென்று கத்தும். "கற்பூரமும் காட்டுறீங்களோ?" என்று கேட்டேன். "காட்டினா புகை உள்ளுக்குப் போகும்" என்று முகத்தை மாற்றாமல் சொன்னார்.

பார்வை நேரம் பின்னேரம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கடவுச்சொல் கொடுப்பார், அது ஒருமுறைக்குத்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ரெலிபோனைக் காதில் வைத்தபடி பெட்டிக்கு முன்னால் இருப்பார். "பாத்திட்டீங்களோ? சரி, மூடப்போறன்." இன்னொருதரம் பார்க்கட்டோ என்று யாராவது மாமியார் கெஞ்சினால், "பொம்பிளை பாக்க வந்த வீட்டில ரெண்டாந்தரம் தேத்தண்ணி ஊத்திறேல்லை" என்பார். கலியாணம் பொருந்திவிட்டால் அன்றைக்கே அந்தப் பிள்ளையின் படத்தை அழித்துவிட்டு வந்து சொல்வார்.

என் படமும் அந்தப் பெட்டிக்குள் போனது. எனக்கு இருபத்தேழு வயது. வயதை எண்ணிப் பார்க்கும் வேலையை ஊர் எனக்காகச் செய்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ரொறொன்ரோவில் பேக்கரி ஒன்றில் வேலை. தாய் பார்த்தார், சம்மதம் சொன்னார். நானும் மாப்பிள்ளையோடு ரெலிபோனில் இரண்டு தரம் கதைத்தேன். மனுசன் எனக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்று கேட்டார். அதுவரை என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கடலைப் பார்க்கவே பயமாயிருந்த அந்த ஊரிலிருந்து நான் போய்விடப்போகிறேன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். தாய்மாமனும் ஒருதரம் பார்க்கவேண்டும், பார்த்தால் சம்பந்தம் முற்று என்றார்கள். இது முற்றுக்கான பார்வை என்பதால் அன்ரி தன் சட்டத்தைத் தளர்த்தினார். புதுக் கடவுச்சொல் கொடுத்து, வருகிற போயாவுக்குப் பிறகு நல்ல நாள் ஒன்றில் திறக்கிறேன் என்றார்.

அதற்கிடையில் தங்கச்சி செத்துப்போனார். தொய்வு வருத்தம். மூச்சு இழுத்தது ஊரடங்கு நேரத்தில். அப்பாவும் அன்ரியும் அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாவடியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, சீற்றைத் தூக்கிப் பார்த்து, அனுமதி கேட்டு வோக்கியில் கதைத்து, பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் சாமி அறை பூட்டுவார்கள். அன்ரியும் பூட்டினார். பெட்டியை நிறுத்தி, பின்னல் துணியைப் போர்த்தி, கதவைச் சாத்தித் திறப்பை முந்தானையில் முடிந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் இனித் திறப்பது. நடுவில் வந்த போயா அன்று அவருக்கு அந்தத் தட்டு நினைவில்லாமல் இல்லை. பிறகு என்னிடம் அவரே சொன்னார்.

"நினைச்சனான் பிள்ளை. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள கலியாணமாகாத பிள்ளையளின்ர சாதகம் கிடக்கு. துடக்குக் கையால தொட்டு, நாளைக்கு உங்களில ஒருத்திக்கு ஒண்டெண்டா? ஒரு நாள் ரெண்டு நாள் பிந்தினா அவங்கள் பொறுப்பாங்கள் எண்டு நினைச்சன். செத்த வீடெண்டு சொன்னா ஆரும் பொறுப்பினம்தானே."

இதுதான் அவர் செய்த பிழை. செத்தவீடு என்று சொன்னால் பொறுக்காத ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்குத்தான் தோன்றும்?

அவர்கள் பொறுக்கவில்லை. அந்த விலாசம் கைமாறியது. இப்படிக் கைவிடப்பட்ட விலாசங்களைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். எடுத்தவன் அதில் ஆபாசப் படங்களைப் போட்டான்.

ரொறொன்ரோவில் துடக்கு முடிகிற நாளைக் கணக்கு வைத்துக்கொண்டு, அன்ரியின் கோலுக்குக் காத்திராமல் அன்று பின்னேரமே தாய், தாய்மாமன், மாமி, பெரியப்பா எல்லோரும் கொம்பியூட்டருக்கு முன்னால் கூடியிருக்கிறார்கள். பொம்பிளையைப் பார்ப்பதற்குப் பெரியப்பா கண்ணாடியை வேறு துடைத்துப் போட்டாராம். விலாசத்தை அடித்தார்கள். வந்ததைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அப்பாவுக்குக் கோல் வந்தது. "உங்கட பிள்ளையின்ர படத்தை எப்பிடியான இடத்தில போட்டு வைச்சிருக்கிறியள் எண்டு தெரியுமோ?" அப்பா ரிசீவரை வைத்துவிட்டு வந்து வாசற்கதவைச் சாத்தினார். அதற்குள் செய்தி லண்டனுக்குப் போய், அங்கிருந்து குச்சவெளிக்கு வந்து, மூன்று நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாதை பூட்டு, பெற்றோல் இல்லை, அரிசி வராது. இது மட்டும் எப்படி இவ்வளவு சுறுக்காய் வந்து சேர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்பாவும் வேறு நாலைந்து தகப்பன்மாரும் அன்ரி வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். அறுந்து கிடந்த அவருடைய லைன் அன்றைக்குத்தான் வந்திருந்தது; அன்ரி அவர்களுக்கு முன்னாலேயே பெட்டியைப் போட்டார். மின்னஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. இன்னும் ஐந்து நாள், இன்னும் இரண்டு நாள், கடைசி அறிவித்தல், நீக்கப்பட்டது. அன்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையில் இருந்தார்.

"அவங்களுக்கு முப்பது நாளாம்" என்றார். "எங்கட சனத்துக்கு முப்பத்தொண்டு."

குச்சவெளித் தகப்பன் ஒருவர், "அப்ப என்ர பிள்ளையின்ர படம் அந்த ஊத்தைக்குள்ள இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. ஒண்டும் வெளிய போகேல்லை. இஞ்ச பாருங்கோ, எல்லாம் என்ர வீட்டிலதான் இருக்கு." பிறகு சொன்னார்: "விலாசம் மட்டும் என்ர வீட்டில இருக்கேல்லை."

"இதை ரொறொன்ரோவில ஆர் நம்புறது?" என்றார் அப்பா.

நான் நம்பவைக்கப் பார்த்தேன். கடையிலிருந்து மாப்பிள்ளையின் தாய்க்கு எடுத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும் பிள்ளை. ஆனா எங்கட சனம் பாத்திட்டுதே" என்றார். என்னத்தைப் பார்த்தார்கள்? என்னை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்வதற்கு அந்தப் படங்களை முழுவதும் பார்த்திருக்கவேண்டும். அதைச் சொல்ல ஒரு பெரியப்பாவுக்கும் துணிவில்லை. புத்தகம் பற்றிக் கேட்ட மனுசன் பிறகு எடுக்கவேயில்லை.

தகப்பன்மார் படங்களை அழிக்கச் சொன்னார்கள். அன்ரி ஒவ்வொன்றாய்த் திறந்து, உரியவருக்குக் காட்டி, அழித்தார். அழித்தாலும் தோண்டி எடுக்கலாம் என்று ஒஸ்லோ மாப்பிள்ளை முன்பு சொல்லியிருந்ததால், பெட்டிக்குள் மிச்சம் மீதி ஒன்றும் இல்லாமல் முற்றாகத் துடைத்தும்விட்டார். சாதகங்களை மடித்து அவரவர் கையில் கொடுத்தார். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. சாமி அறைக்குள் செருப்போடு நின்றிருந்த ஒருவர் போகும்போது வாசலில் துப்பிவிட்டுப் போனார்.

பிறகு யாரோ நேவிக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். துறைமுகப் பக்கத்து வீடு, தனி மனுசி, வெளிநாட்டுக் கோல்கள், பெட்டி நிறையப் பொடிச்சியளின் படம். ஊரில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் நாக்குக்கு வந்ததில்லை. ஒருநாள் விடியப்புறம் ஒழுங்கையை மறித்து, பெட்டியையும் அன்ரியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது. படங்கள் இருந்திருந்தால் கலியாணப் படம் என்று கண்டிருப்பார்கள். வெறும் பெட்டியைக் கண்டதும், எதை அழித்தாய் என்று கேட்டார்கள். கலியாணப் படங்கள் என்று அன்ரி சொன்னார். யார் யாருடைய படம், பெயரைச் சொல், விசாரித்துவிட்டு உன்னை விடுகிறோம் என்றார்கள். அன்ரி பெயர் சொல்லவில்லை.

இதை எங்களுக்கு வந்து சொன்னவர் கிராம அலுவலரான விதானையார். "ரெண்டு பேர் வந்து, ஓம், எங்கட பிள்ளையின்ர படம்தான் கிடந்தது எண்டு சொன்னாக் காணும். நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "சொன்னா, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டுவாங்கள்" என்றார்.

"நான் வாறன்" என்றேன்.

"நீ உள்ள போ."

நான் செருப்பைப் போட்டேன். அம்மா வாசற்படியில் குந்தி இரண்டு பக்கக் கதவுநிலையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மிதிச்சுக்கொண்டு போ" என்றார். அழவில்லை, சும்மா சொன்னார். விதானையார் மற்ற வீடுகளுக்கும் போய்விட்டுத் தனியாகத் திரும்பிப் போனதை யன்னலால் பார்த்தேன். அப்பா சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் கேட்டிருப்பார்கள். தங்கச்சியின் கதையை எங்கள் ஒழுங்கையில் தெரியாதவர் யார்? அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அப்பாவை வெறுப்பது சுகமாக இருந்திருக்கும்.

பல கிழமைக்குப் பிறகு அன்ரியை விட்டார்கள். வீட்டைத் திறந்து கூட்டினாரோ இல்லையோ, அடுத்த நாளே குடையை ஊன்றிக்கொண்டு வெளிக்கிட்டார். அதற்கு முன் அவர் எதையும் ஊன்றி நடந்ததில்லை. ரவுணுக்குள் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போனார். குறிஞ்சாக்கேணிப் பக்கம் இருந்த பிள்ளைக்காகப் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடல் கடந்தும் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வீட்டிலும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. படலையில் நின்று ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாராம். பிச்சைக்கு வந்தவர் என்று நினைத்து ஒரு வீட்டில் சில்லறை கொண்டுவந்தார்களாம்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், தெருவால் சுற்றி வந்து படலையைத் தட்டினார். எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று எங்கள் செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டு நின்றது, அதைக் கலைக்கிற சாட்டில் நான் வெளியே போனேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. முன்பல் ஒன்று இல்லை.

"அன்ரி, உங்களை என்ன செய்தவங்கள்?" என்றேன்.

அவர் அதைக் கேட்காதவர்போல என் முகத்தைப் பார்த்தார். ஒரு சம்பந்தத்தை முற்றாக்கிவிட்டு வந்து சொல்லும் அதே குரலில் சொன்னார்: "பிள்ளை, உன்ர படம் ஒருத்தரிட்டயும் இல்லை. பயப்பிடாத."

உள்ளேயிருந்து அப்பா, "ஆரது படலையில?" என்று கேட்டார்.

அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னார்:

"ஒருத்தருமில்லை."